ஒளி அணைந்தால் உலோகமா?

திண்டுக்கல் மாவட்டத்துப் பாலசமுத்திரத்தைச் சுற்றியுள்ள வயல்களில் பாலாறு-பொருந்தலாறு அணைத் தண்ணீர் பாய்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் நெல், கரும்பு, தென்னை. பக்கத்து நெய்க்காரப்பட்டி வெல்ல மண்டிக்குப் பேர்போன ஊர் என்பதால், ஆலை ஆடும் நாட்களில் இந்த வட்டாரத்தில் காற்றே இனிக்கும். கொட்டகைக்குள் நின்று கொப்பரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவது தெரியாது. சாறு விழும்போது சாம்பல் கலந்த பச்சையாக இருக்கும். சுண்ணாம்பு சேர்த்து அழுக்கு நுரையை வழித்தெடுத்த பிறகு மஞ்சளாகும். கொதிக்கக் கொதிக்கப் பொன்னாகி, தேனாகி, கடைசியில் பழுப்பாகும். ஒரு கரண்டிப் பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்து, பதம் வந்ததும் இறக்குவார்கள்.

அந்தப் பழுப்பில் வேதியியலுக்கு உரிய ஒரு சங்கதி ஒளிந்திருக்கிறது. 2012-இல் குவாஹாட்டி ஐஐடி ஆய்வாளர்கள் ரொட்டி, பிஸ்கட், கருக்கிய சர்க்கரை, வெல்லம் போன்ற அன்றாட உணவுகளிலிருந்து மிக நுண்ணிய கார்பன் துகள்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். சர்க்கரை சூட்டில் நீரை இழந்து, உடைந்து, மறுபடி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்போது அவை தாமாகவே உருவாகின்றன. புற ஊதா ஒளியில் பிடித்தால் ஒளிர்கின்றன. நாம் தலைமுறை தலைமுறையாகத் தின்று வந்த பொருளுக்குள் இன்றைய நானோ வேதியியலின் மிகச் சுறுசுறுப்பான ஒரு துறை உட்கார்ந்திருந்தது.

ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கு ஒன்று என்னிடம் இருக்கிறது. கண்ணாடி டம்ளர் தண்ணீரில் சுண்டைக்காய் அளவு வெல்லத்தைக் கரைத்து, வடிகட்டி, இருட்டறையில் அந்த விளக்கைக் காட்டினேன். மங்கலாக, நீலமும் பச்சையும் கலந்த ஒரு பால்நிறம் தண்ணீருக்குள் எழுந்தது. மனம் உடனே ‘கார்பன் துகள்!’ என்று துள்ளியது. ஆனால் கரும்புச் சாற்றிலேயே ஒளிரக்கூடிய ஃபீனால் வகைச் சேர்மங்கள் இருக்கின்றன. என் டம்ளரில் ஒளிர்ந்தது துகளா, சாற்றின் பழைய மூலக்கூறா என்று அந்த விளக்கால் சொல்ல முடியாது. தாவரத்திலிருந்து ஒளிரும் கார்பன் செய்து, அதைக் கொண்டு தண்ணீரில் உள்ள உலோகத்தைக் கண்டறியலாம் என்று சொல்லும் ஆய்வுகள் ஒவ்வோர் ஆண்டும் குவிகின்றன. அவற்றை வாசிக்கும்போதெல்லாம் அந்த டம்ளர்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. ஒளி உண்மை. அது எதனுடைய ஒளி என்பதில்தான் வேலையே இருக்கிறது.

இந்தத் துகள்களுக்குக் கார்பன் புள்ளிகள் என்று பெயர். குறுக்களவு 10 நானோமீட்டருக்கும் குறைவு. ஒரு தலைமுடியின் குறுக்கே எட்டாயிரம் துகள்களையாவது வரிசையாக நிறுத்தலாம். 2004-இல் அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில், மின்வில் புகைக்கரியிலிருந்து கார்பன் நானோ குழாய்களைத் தூய்மைப்படுத்திக்கொண்டிருந்தபோது எதிர்பாராமல் ஓர் ஒளிரும் பட்டை பிரிந்து வந்தது. அவர்கள் தேடியது குழாயை, கிடைத்தது புள்ளி. 2006-இல் கிளெம்சன் பல்கலைக்கழகக் குழு அதன் மேற்பரப்பைப் பக்குவப்படுத்தி, பளிச்சென்று ஒளிர வைத்து, இப்போதுள்ள பெயரையும் கொடுத்தது.

அதற்கு முன்பே குவாண்டம் புள்ளிகள் என்ற வேறு வகை ஒளிரும் நுண்துகள்கள் புகழ் பெற்றிருந்தன. 2023-இல் வேதியியல் நோபல் பரிசு அவற்றுக்குத்தான் போனது. ஆனால் அவற்றில் மிகச் சிறந்தவை காட்மியம் கலந்தவை. குடிதண்ணீரில் காட்மியம் இருக்கிறதா என்று பார்க்கக் காட்மியத்தையே கரைத்து ஊற்றுவதில் ஒரு சங்கடம் உண்டு. கார்பன் புள்ளிகளை உலகம் இத்தனை ஆவலாக ஏற்றுக்கொண்டதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் செலவு. கார்பன் உள்ள எதையும் மூலப்பொருளாக வைத்துக்கொள்ளலாம். 2012-இல் ரூர்கேலாவின் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தினர் ஆரஞ்சுச் சாற்றை 120 டிகிரியில் சூடாக்கி, உள்ளே போன ஒவ்வொரு 100 ஒளித்துகளுக்கும் 26 திரும்பி வரும் அளவுக்கு ஒளிரும் புள்ளிகளைச் செய்தார்கள். அதன்பின் தோல், தழை, கொட்டை, பூ என்று ஆய்வுக்கூடங்கள் எதையும் விட்டுவைக்கவில்லை.

செய்முறையில் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. டெஃப்லான் குடுவை ஒன்று, அதை இறுக்கிப் பூட்டும் எஃகு உறை, ஓர் அடுப்பு. பழச்சாற்றையோ அரைத்த இலையையோ தண்ணீருடன் உள்ளே வைத்து மூடி, 180 அல்லது 200 டிகிரியில் சில மணி நேரம் வைப்பார்கள். நம் வீட்டு குக்கர் ஏறக்குறைய 120 டிகிரியோடு விசில் அடித்துவிடும். இங்கே 200 டிகிரியில் உள்ளழுத்தம் வெளிக்காற்றைப்போல் பதினைந்து மடங்காக ஏறும். ஆறியபின் திறந்தால் கரித்தூள் கலந்த பழுப்புத் தண்ணீர் இருக்கும். கரியை வடிகட்டிவிட்டு, மீதியை நுண்துளைச் சவ்வுப் பைக்குள் ஊற்றித் தண்ணீரில் மிதக்க விட்டால், சின்ன மூலக்கூறுகள் வெளியே கசிந்துபோய்ப் புள்ளிகள் உள்ளே தங்கும். பல கட்டுரைகள் இந்தக் கடைசிக் கட்டத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. என் டம்ளருக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் உள்ள வித்தியாசமே அந்தச் சவ்வுப் பைதான்.

திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில், சின்னாளபட்டியை ஒட்டியிருக்கும் காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகத்தில் இந்த வேலை பல ஆண்டுகளாக நடந்திருக்கிறது. டிராகன் பழம், கிவி என்று தொடங்கி, 2019-இல் நெல்லிக்காயிலிருந்து நைட்ரஜன் ஏற்றிய கார்பன் புள்ளிகளைச் செய்து வெளியிட்டார்கள். அங்கே அவர்கள் அதை உலோகம் கண்டறியப் பயன்படுத்தவில்லை, சாயக்கழிவின் நிறத்தை நீக்கும் வினைக்கு ஊக்கியாக வைத்தார்கள். 1947-இல் சௌந்தரம் அம்மையாரும் கோ. ராமச்சந்திரனும் கிராமப் பணிக்கென்று தொடங்கிய இடத்தில், ஊர் மரத்துக் காயை எடுத்து ஊர்க் கழிவுக்கு மருந்து தேடியிருக்கிறார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

நெல்லிக்காய் என்றதும் அடுப்படியில் எல்லோரும் கண்ட ஒரு காட்சி நினைவுக்கு வரும். எவர்சில்வர் கத்தியால் நறுக்கினால் ஒன்றும் ஆகாது. பழைய இரும்பு அரிவாள்மனையில் நறுக்கிப் பாருங்கள், வெட்டுவாயில் கருநீலம் பரவும், விரல் நுனி கறுக்கும். நெல்லியின் துவர்ப்புக்குக் காரணமான டானின்கள் இரும்பு அயனியைக் கவ்விப் பிடித்துக் கறுப்பாகின்றன. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சியவர்கள் இதைத்தான் செய்தார்கள். கடுக்காய் ஊறிய துணியின் மேல், வெல்லத் தண்ணீரில் துருப்பிடித்த இரும்பை ஊறப்போட்டு எடுத்த கரைசலைத் தொட்டு வரைந்தால் கலம்காரியின் கறுப்புக் கோடு விழுகிறது. ரோமாபுரியில் முதலாம் நூற்றாண்டில் பிளினி எழுதி வைத்த சோதனையும் இதே வகைதான். செம்புப் பச்சையில் இரும்பு உப்பைக் கலப்படம் செய்திருக்கிறார்களா என்று பார்க்க, மாசிக்காய்ச் சாற்றில் நனைத்த பாப்பிரஸ் தாளில் தடவுவார்கள். கறுத்தால் கலப்படம். தாவரம் உலோகத்தைக் காட்டிக்கொடுப்பது மிகப் பழைய பழக்கம், இப்போது கறுப்புக்குப் பதிலாக ஒளி வந்திருக்கிறது.

உலோக அயனி ஒளியோடு விளையாடுவதும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. பாலசமுத்திரத்துக்கு அருகிலுள்ள பொருந்தலில் 2009, 2010 ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் அகழ்ந்தபோது, கி.மு. 490 வாக்கைச் சேர்ந்தவை எனக் கணிக்கப்பட்ட நெல்மணிகள் ஒரு கலத்துக்குள் கிடைத்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அங்கே கண்ணாடி மணி செய்த உலையும் கிடைத்தது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. பழங்காலக் கண்ணாடிக்கு நிறம் கொடுத்தவை உலோகங்கள். ஒரே செம்பு, உலையின் காற்றுப் பக்குவத்தைப் பொறுத்துப் பச்சையும் தரும், சிவப்பும் தரும். உலோகம் எது என்பதோடு அது எந்த நிலையில் இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. இந்தக் கட்டுரையில் பின்னால் குரோமியத்துக்கு வரும்போது இந்த உலை மறுபடி தேவைப்படும்.

கார்பன் புள்ளி எப்படி உலோகத்தைச் சொல்கிறது? புள்ளியின் மேற்பரப்பில், தாவரத்திலிருந்து வந்த ஆக்சிஜன், நைட்ரஜன் கொண்ட தொகுதிகள் முள்முள்ளாய் நீட்டிக்கொண்டிருக்கும். ஊதா ஒளியை விழுங்கிய புள்ளி, ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரத்துக்குள் நீல ஒளியாக அதைத் திருப்பித் தரும். அந்த முட்களில் ஓர் இரும்பு அயனி வந்து ஒட்டிக்கொண்டால், திரும்பி வரவேண்டிய ஆற்றல் அயனிக்கு நழுவிவிடும். ஒளி மங்கும். எவ்வளவு மங்கியது என்று அளந்தால் எவ்வளவு உலோகம் என்று கணக்கிடலாம். கருத்து இவ்வளவுதான், கேட்கவே அழகாக இருக்கிறது. சீனாவின் சாங்சுன் நகர ஆய்வாளர்கள் 2012-இல் புல்லை வேகவைத்த புள்ளிகளால் செம்பையும், பம்பளிமாஸ் தோலிலிருந்து செய்தவற்றால் பாதரசத்தையும் கண்டு காட்டினார்கள். பாதரசத்துக்கு அவர்கள் எட்டிய கீழ் எல்லை லிட்டருக்கு 0.23 நானோமோல்.

அந்த எண்ணை நம் தரக்கட்டுப்பாட்டோடு ஒப்பிட்டால்தான் அதன் மதிப்பு தெரியும். இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500 பாதரசத்துக்கு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம் என்று வரம்பு வைக்கிறது. அது ஏறக்குறைய 5 நானோமோல். ஆகவே தாளில் பார்த்தால் பம்பளிமாஸ் தோல் தேர்ச்சி பெறுகிறது. திண்டுக்கல் மாவட்டத்துக்குப் பாதரசம் தொலைதூரச் செய்தியும் அல்ல. பாலசமுத்திரத்துக்கு மேலே எழும் அதே மலைத்தொடரில், கொடைக்கானலில் இயங்கிய தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்டது, அதன் கழிவும் மண்ணும் பற்றிய பேச்சு அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் ஓடியது. குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அதாவது ஏறக்குறைய 1 மைக்ரோமோல். ‘ஒரு மைக்ரோமோல் வரை காண்கிறோம்’ என்று பெருமையோடு முடியும் கட்டுரை, நம் கிணற்றைப் பொறுத்தவரை வாசற்படியில்தான் நிற்கிறது. வரம்புக்கு நன்றாகக் கீழே பார்க்கத் தெரிந்தால்தான் ‘இந்தத் தண்ணீரைக் குடிக்கலாம்’ என்று சொல்லும் தைரியம் வரும்.

குரோமியத்தைப் பற்றித் திண்டுக்கல்லில் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. இங்கே தோல் பதனிடும் தொழில் பழையது. முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் பதன் பொருள்கள், பிறகு வாட்டில் பட்டை வந்தது. அந்தக் காலத் ‘தோல் ஷாப்’ கழிவு கறுப்பாக நாறினாலும் அதில் இருந்தது பெரும்பாலும் உப்பும் மரச்சாறும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோம் பதனீட்டைப் பழக்கினார். 1970-களில் பாதிப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்குத் தடைகள் வந்து, முழுமை செய்த தோலுக்கு மாறச் சொன்னபோது குரோம் முறை பரவலானது. பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறிய தோல், குரோம் உப்பில் ஒரே நாளில் பதமாகிவிடும். ஆனால் போட்ட குரோமியத்தில் பெரும்பாலும் 60 முதல் 70 விழுக்காட்டைத்தான் தோல் பிடித்துக்கொள்ளும். மிச்சம் தண்ணீரோடு போகும்.

அது எங்கே போனது என்பது நீதிமன்றப் பதிவிலேயே இருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தந்த தீர்ப்பைப் பலரும் வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டையோடு மட்டும் சேர்த்து நினைக்கிறார்கள். திண்டுக்கல்லும் அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தொண்டு அமைப்பு எடுத்த கணக்கை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது: குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. நான்கில் மூன்று. 2005-இல் ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தினர் மேல் குடகனாற்றுப் படுகையை ஆராய்ந்து எழுதியபோது நகரிலும் சுற்றிலும் சுமார் 80 தோல் தொழிற்கூடங்கள் இயங்கிக்கொண்டிருந்தன. இங்கே அடியில் இருப்பது கடினப்பாறை. வெடிப்பு போகிற வழியில் தண்ணீர் போகும், தண்ணீரோடு உப்பும் போகும். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் ஒன்று கெட்டும் மற்றொன்று நல்லதாகவும் இருப்பது அதனால்தான். ஒரு கிணற்றைச் சோதித்து ஊருக்கே முடிவு சொல்ல முடியாத இந்த நிலப்பரப்புக்குத்தான், கிணற்றடியிலேயே மலிவாகச் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்மையாகவே தேவைப்படுகிறது.

இப்போது பொருந்தல் உலைக்குத் திரும்புகிறேன். குரோமியத்துக்கும் நிலைகள் உண்டு. தோல் பதனிடப் பயன்படுவது குரோமியம் மூன்று. நச்சுத்தன்மையில் பெயரெடுத்தது குரோமியம் ஆறு. மூன்று, கழிவிலும் மண்ணிலும் பெரும்பாலும் சேறோடு சேர்ந்து படிந்துவிடும். ஆறு, மஞ்சள் நிறத்தில் தண்ணீரோடு கரைந்து நடக்கும். மண்ணில் உள்ள மாங்கனீசு ஆக்சைடு மூன்றை ஆறாக்கலாம். அழுகும் தழையும் மரச்சாறும் ஆறைத் திரும்ப மூன்றாக்கலாம். ‘கார்பன் புள்ளியால் குரோமியம் கண்டறிந்தோம்’ என்று சொல்லும் கட்டுரைகளைக் கூர்ந்து படித்தால், பெரும்பாலானவை கண்டது குரோமியம் ஆறை மட்டுமே. தோல் ஷாப்பிலிருந்து நேரே ஓடிவரும் தண்ணீரில் மூன்று குவிந்து கிடக்க, புள்ளி நீலமாகச் சிரித்துக்கொண்டே இருக்கும். பார்த்தவர் ‘குரோமியம் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போவார். சோதனை சொன்னது சரி, எடுத்த முடிவு தவறு. குடிநீர்த் தரம் கேட்பது மொத்தக் குரோமியத்தை என்பதையும் இங்கே மறக்கக்கூடாது.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று இருக்கிறது. குரோமியம் ஆறு புள்ளியைத் தொடவே வேண்டியதில்லை. அதன் மஞ்சள் நிறமே ஊதா ஒளியை உறிஞ்சக்கூடியது. விளக்கிலிருந்து கிளம்பிய ஒளி புள்ளியை எட்டுவதற்கு முன்பே வழியில் பறிபோய்விடும். விளைவாக ஒளிர்வு குறையும். ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டு அறையில் விளக்கு மங்கிவிட்டது என்று சொல்வது மாதிரி. திரையும் ஒரு செய்திதான், அதைக் கொண்டும் அளக்கலாம். ஆனால் அப்போது அதே ஒளியை உறிஞ்சும் எந்தப் பழுப்புத் தண்ணீரும் ‘குரோமியம்’ என்றே பதில் சொல்லும். திண்டுக்கல்லில் இது கற்பனை இல்லை. வாட்டில் பட்டைச் சாறு கலந்த கழிவும் ஊதா ஒளியை உறிஞ்சும். ஒருபக்கம் உள்ள குரோமியத்தை இல்லை என்று சொல்லும் ஆபத்து, மறுபக்கம் இல்லாத குரோமியத்தை இருக்கிறது என்று சொல்லும் ஆபத்து, இரண்டும் ஒரே ஊரில்.

இதைப் பிரித்தறிய வழி இல்லாமல் இல்லை. அயனி புள்ளியின் ஒளிரும் நிலையிலேயே கைவைத்து ஆற்றலைப் பறித்தால் ஒளிர்வின் ஆயுட்காலம் குறையும். வெறும் திரை என்றால் ஆயுட்காலம் மாறாது, அளவு மட்டும் குறையும். தண்ணீரின் உறிஞ்சலைத் தனியே அளந்து கணக்கில் கழித்துவிடவும் முடியும். பொறுப்பான ஆய்வாளர்கள் இதைச் செய்கிறார்கள். செய்யாமல் ‘தேர்ந்து கண்டறியும்’ என்று தலைப்பில் போடுபவர்களும் நிறையவே இருக்கிறார்கள்.

இரும்பின் கதையும் இப்படித்தான். தாவரப் புள்ளிகள் அதிகம் கண்டதாகச் சொல்லப்படும் அயனி இரும்பு மூன்று. ஆனால் நம் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து பளிங்குபோல் மேலே வந்து, குடத்தில் வைத்த கொஞ்ச நேரத்தில் செம்மண்ணாகும் தண்ணீரில், வரும்போது இருப்பது இரும்பு இரண்டு. அது காற்றைச் சந்தித்து மூன்றானதும் துருவாகிக் கீழே இறங்கிவிடுகிறது. எந்த நிமிடத்தில் சோதிக்கிறோம், அமிலம் சேர்த்தோமா இல்லையா என்பதைப் பொறுத்து விடை மாறும். ஆய்வுக்கூடத்துக் காய்ச்சி வடித்த தண்ணீரில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பல கட்டுரைகளில் ‘உண்மையான நீர் மாதிரி’ என்ற பிரிவு வரும். குழாய்த் தண்ணீரை எடுத்து, தாங்களே அளந்து உலோகத்தைக் கலந்து, போட்டதில் 98 விழுக்காடு திரும்பக் கிடைத்தது என்று எழுதுவார்கள். நாமே மறைத்து வைத்ததை நாமே கண்டெடுப்பதற்கும், முப்பது ஆண்டு உப்பேறிய கிணற்றில் என்ன இருக்கிறது என்று சொல்வதற்கும் தூரம் அதிகம்.

மூலப்பொருளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழனிப் பக்கம் கொய்யாவுக்கு ஆயக்குடி, வாழைக்கு விருப்பாட்சி. எந்த இலையைக் கொண்டுபோய்க் குடுவையில் வைத்தாலும் ஒரு நீல ஒளி கிடைக்கும், அதோடு ஒரு கட்டுரையும் கிடைக்கும். ஆனால் ஆடியில் பறித்த இலையும் மார்கழியில் பறித்த இலையும் ஒன்றல்ல. மண், மழை, மரத்தின் வயது, ரகம் எல்லாம் மாறினால் துவர்ப்பும் சர்க்கரையும் நைட்ரஜனும் மாறும், புள்ளியும் மாறும். பச்சை இலையைச் சாராயத்தில் வேகவைத்துச் சிவப்பாக ஒளிரும் கார்பன் கிடைத்தது என்றால் முதலில் பச்சையத்தைச் சந்தேகிக்க வேண்டும், ஏனென்றால் பச்சையம் தானே சிவப்பாக ஒளிரும் பொருள். தாவரம் இல்லாத சுத்தமான வினையிலும் இந்தக் குழப்பம் வந்தது. சிட்ரிக் அமிலத்தையும் ஓர் அமீனையும் சேர்த்துச் செய்த, மிகப் பிரகாசமான கார்பன் புள்ளிகளின் ஒளியில் பெரும்பங்கு, கூடவே உருவான ஒரு சிறு மூலக்கூறிலிருந்து வருகிறது என்று 2015-இல் சீனாவின் ஜிலின் பல்கலைக்கழகத்தினர் காட்டினார்கள். அந்தத் துறையையே தூக்கிப் பிடித்தவர்களில் ஒரு குழுதான் அது. தம் கையிலிருந்த ஒளியைத் தாமே கேள்வி கேட்டார்கள் என்பதால் அந்தக் கட்டுரைமேல் எனக்கு மரியாதை அதிகம்.

இந்தத் துறையினர் தம் ஒளியை அளக்கும் அளவுகோலும் ஒரு மரத்திலிருந்து வந்ததுதான். புள்ளியின் பிரகாசத்தைப் பெரும்பாலும் குயினின் சல்பேட்டோடு ஒப்பிட்டுத்தான் எண்ணாகச் சொல்கிறார்கள். நீலகிரியில் 1860-களிலிருந்து பயிரிட்ட சின்கோனா மரப்பட்டையின் அதே குயினின். 1845-இல் ஜான் ஹெர்ஷல் குயினின் கரைசலின் மேற்பரப்பில் தெரிந்த நீலத்தை விவரித்தார், 1852-இல் ஸ்டோக்ஸ் அதற்கு விளக்கமும் பெயரும் தந்தார். குயினினுக்குக் கட்டமைப்பு தெரியும், தூய்மை தெரியும், யார் செய்தாலும் அதே எண் வரும். தாவரக் கார்பன் புள்ளி அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை. அதை வரவைப்பதுதான் அடுத்த பத்தாண்டு வேலை என்று நினைக்கிறேன், இன்னும் ஒரு புதிய இலையைத் தேடுவது அல்ல.

குரோமியம் ஆறுக்கு ஏற்கெனவே ஒரு மலிவான சோதனை இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமிலம் சேர்த்த தண்ணீரில் டைஃபீனைல்கார்பசைடு சில துளி விட்டால் ஊதாச் சிவப்பு வரும். பல்லாண்டுகளாக ஆய்வகங்கள் நம்பும் முறை அது. குரோமியம் மூன்றையும் பார்க்க வேண்டுமானால் முதலில் பெர்மாங்கனேட்டால் ஆறாக மாற்றிவிட்டுச் சோதிப்பார்கள். கார்பன் புள்ளி இதைத் தோற்கடிக்க வேண்டும், அல்லது இது செய்யாத ஒன்றைச் செய்ய வேண்டும். செய்யக்கூடியது இருக்கிறது. தாளில் ஊறவைத்துக் காயவைத்தால் அமிலப் புட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். இரண்டு நிறமாக ஒளிரும் புள்ளிகளை வைத்து, ஒன்று மங்க மற்றொன்று நிலையாக நிற்கும்படி அமைத்தால், விளக்கின் பலமும் செல்பேசி கேமராவின் குணமும் விடையைக் கெடுக்காது. ஒரே தாளில் நான்கைந்து வகைப் புள்ளிகளை அடுக்கி, ஒவ்வொன்றும் எந்த அளவுக்கு மங்குகிறது என்ற கோலத்தை வைத்து எந்த உலோகம் என்று அனுமானிக்கலாம். ஒரு புள்ளியால் பிரிக்க முடியாததை ஐந்து சேர்ந்து பிரிக்கக்கூடும். எனக்கு இந்தத் துறைமேல் நம்பிக்கை இருப்பது இதனால்தான்.

அந்த நம்பிக்கையைச் சோதிக்கத் திண்டுக்கல்லைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. நோய் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, காந்திகிராமத்தில், புள்ளிகளும் உருவாகியிருக்கின்றன. தோல் ஷாப் வட்டாரக் கிணறுகள், பட்டைச் சாற்றுக் கழிவு ஓடிய வாய்க்கால், சுத்திகரிப்பு நிலையத்தின் வெளிவாய், உப்பு மட்டும் ஏறிய ஆழ்துளைக் கிணறு என்று வகைக்குச் சிலவாக மாதிரிகள் எடுக்க வேண்டும். குப்பியில் எண் மட்டும் இருக்க வேண்டும், எங்கே எடுத்தது என்று சோதிப்பவருக்குத் தெரியக்கூடாது. ஒவ்வொரு குப்பியையும் மூன்றாகப் பங்கிட்டு, ஒன்றைப் பெரிய ஆய்வகத்தின் நிறமாலைக் கருவிக்கும், ஒன்றைப் பழைய ஊதாச்சிவப்புச் சோதனைக்கும், ஒன்றைக் கார்பன் புள்ளித் தாளுக்கும் கொடுக்க வேண்டும். குரோமியம் மூன்றும் ஆறும் தனித்தனியே எழுதப்பட வேண்டும். தாள் எத்தனை இடத்தில் தவறியது, எந்தப் பக்கம் தவறியது என்பதை முதல் அட்டவணையில் போட வேண்டும், கடைசிப் பத்தியில் அல்ல. அடுத்த ஆண்டு வேறு மாதத்தில் பறித்த நெல்லியால் புதிதாகப் புள்ளி செய்து, அதே கிணறுகளுக்குத் திரும்பப் போக வேண்டும்.

இவற்றோடு கெடாத தண்ணீர் ஒன்றும் வேண்டும். காய்ச்சி வடித்தது உதவாது, ஏனென்றால் கிணற்றில் அப்படி ஒரு தண்ணீர் கிடையாது. தழையும் மண்ணும் ஊறிய, இயல்பான சுண்ணாம்பும் இரும்பும் கலந்த, தோல் ஷாப் எதுவும் பார்க்காத தண்ணீராக அது இருக்க வேண்டும். பாலசமுத்திரத்துப் பக்கம் இறங்கும் பொருந்தலாறு சண்முகநதியோடு கலந்து வடக்கே போய் அமராவதியில் விழுகிறது. திண்டுக்கல்லைத் தொட்டு வரும் குடகனாறும் வேடசந்தூர் வழியாகப் போய் அதே அமராவதியில்தான் விழுகிறது. முதல் குப்பியை அணைக்குக் கீழே, பாலசமுத்திரத்து வாய்க்கால் தலைப்பில் நிரப்பிக்கொண்டு, அங்கிருந்து குடகனாற்றுக்கு வண்டியைத் திருப்பலாம்.